இவ்வளவு தூரம் வந்துட்டோமே!

ரங்கத்தில் டிசம்பர் முதல் வாரத்தில் சாயங்காலம் 4.50க்கெல்லாம் சூரியன் விழுந்துடும். இதை ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற கேள்வி, "எது, ஸ்ரீரங்கத்துலயா?" :-)

இல்லீங்க. இது அந்தமான் ரங்கத். நடு அந்தமான் தீவு, பாக்குத் தோப்பு, வங்காளிக் குடும்பங்கள், ராஞ்சிக்காரங்க, நடுநடுவுல நம்மாளுங்க. மூணு வருஷ போஸ்டிங்ல வங்கி அதிகாரியா வந்து குடும்பத்தோட உக்காந்திருக்கேன். அம்பாசமுத்திரத்துலேர்ந்து பார்த்தா இதுவும் ஒரு வெளிநாடுதான். பாஸ்போர்ட்ல முத்திரை குத்தலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த 4.50 கதைக்கு வர்றேன். இந்தியா முழுசுக்கும் ஒரே கடிகாரம், அதை 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வெச்சிருக்கோம். ரங்கத் இருக்கறது ஏறக்குறைய 93 டிகிரியில. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னு போட்டா, சூரியன் எங்களுக்கு 42 நிமிஷம் முன்னாடி வேலைய முடிச்சுட்டுப் போயிடறார். கோயம்புத்தூர் 77 டிகிரி. அங்கேர்ந்து வர்ற ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலயே பொழுது காணாமப் போயிடும். சிங்கப்பூர்ல இதுக்கு நேர் எதிர். அவங்க கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெச்சிருக்காங்க, அதனால வருஷம் முழுக்க ராத்திரி ஏழு மணிக்குத்தான் இருட்டும். இங்கிலாந்தோட வடக்குல டிசம்பர்னா நாலு மணிக்கு முன்னாடியே இருட்டு, ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம்.

பிழைக்கப் போன ஊர்ல மொழியைக் கத்துக்கறோம், ரேஷன் கார்டு மாத்தறோம், ஸ்கூல் அட்மிஷன் வாங்கறோம். பொழுதை மட்டும் பழைய ஊர்க் கணக்குலயே மனசுக்குள்ள வெச்சிருக்கோம். ஆபீஸ்ல இருந்தா இதனால நஷ்டமில்லை. குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு மலைமேல நிக்கறப்பதான் இது வில்லங்கமாகுது.

குழந்தைங்களோட மலைக்குப் போறது பத்தி எனக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமான அபிப்பிராயம் இருக்கு. லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க கேக்கறாங்க, லண்டன் பக்கமும் அமெரிக்காவுலயும் இருக்கற ஸ்நேகிதங்க கேக்கறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்க ஒரே தடவை எழுதிடலாம்னு தோணுச்சு.

நான் சொல்றது ஆக்ஸிஜன் சிலிண்டர் மலையேத்தம் இல்லை, கயிறு கட்டி ஏற்றதும் இல்லை. அதே சமயம் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நடக்கவும் முடியாது. அங்கங்க பாறையைக் கையால பிடிச்சு, காலை எங்க வைக்கறதுன்னு பார்த்து வெச்சு, தொத்தி ஏறணும். இங்கிலீஷ்காரங்க இதை ஸ்க்ராம்ப்ளிங்னு சொல்லி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. வேல்ஸ்ல ட்ரைஃபான்னு 917 மீட்டர் மலை, அதோட வடக்கு முகடு முதல் தரத்துக்குப் பேர்போனது. அமெரிக்காவுல அஞ்சு வகுப்பு வெச்சிருக்காங்க. மூணாம் வகுப்புலேர்ந்து கை வேணும்.

நமக்கு இது புதுசா என்ன? தாணிப்பாறைலேர்ந்து சதுரகிரிக்கு ஏறாத எங்க பக்கத்துப் பிள்ளை உண்டா? திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலைக்குப் போனவங்களைக் கேளுங்க, கடப்பாரைப் படியும் சங்கிலியும் பிடிச்சு ஏறின கதை சொல்வாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தோள்ல பேரனை உக்கார வெச்சுக்கிட்டு, வாயில அரோகரா சொல்லிக்கிட்டே தொத்தி ஏறின தாத்தாக்களோட வம்சம்தான் நாமெல்லாம். ஆனா அங்க முன்னாலயும் பின்னாலயும் ஆயிரம் பேர். தடுக்கினா பிடிக்க ஆள் இருக்கு, சுக்குக்காப்பிக் கடை இருக்கு. வெளியூர் மலையில அந்தக் கூட்டம் கிடையாது. நம்ம குடும்பம், ஒரு பை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை நம்மாளுங்க கணக்குல எடுக்கறதில்லைங்கறது என் குறை.

அந்தத் தரப் பட்டியல்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. முதல் தரம், சுலபம்னு போட்டிருந்தா அது பெரியவங்களுக்குச் சுலபம், அதுவும் பாறை காஞ்சிருக்கறப்ப. எட்டு வயசுப் பொண்ணோட கை நீளத்தை அளந்து யாரும் தரம் போடலை. வெர்ஜீனியாவுல ஓல்ட் ராக்னு ஒரு மலை, வாஷிங்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அதோட பாறைப் பகுதி சின்னக் குழந்தைங்களுக்கு ஏத்ததில்லைன்னு பூங்கா நிர்வாகமே சொல்லுது. நம்மாளுங்க படிக்கறது கேட்ல இருக்கற டிக்கெட் விலைய மட்டும்தான்.

இன்னொண்ணு. குழந்தைங்க ஏறிடுவாங்க. குரங்கு மாதிரி ஏறிடுவாங்க, நமக்கே பொறாமையா இருக்கும். இறங்கறதுதான் வேற வித்தை. ஏறும்போது கை வைக்கற இடம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. இறங்கும்போது கால் வைக்கற இடம் வயித்துக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு, அதுவும் களைச்சுப் போன காலு. அதனால எங்க வீட்டுல ஒரே சட்டம்: எந்தப் பாறையில இறங்கிக் காட்டுவியோ அதுல மட்டும்தான் ஏறலாம். முதல்ல இடுப்பு உயரப் பாறையில பழக்கணும். முகம் பாறையைப் பார்க்கணும், முதுகு வெளியப் பார்க்கணும். ரெண்டு கை ரெண்டு கால் நாலுல மூணு எப்பவும் பாறைமேல இருக்கணும், ஒண்ணுதான் நகரலாம். பிடிக்கற கல்லை முதல்ல தட்டிப் பார்க்கணும். வெளிப்பக்கமா இழுக்கக் கூடாது, கீழ்ப்பக்கமா அழுத்திப் பிடிக்கணும். பெரியவங்க ஒருத்தர் குழந்தைக்குக் கீழ நின்னு, "வலது காலை இன்னும் ஒரு சாண் இறக்கு"ன்னு சொல்லி, பாதத்தைக் கையால பிடிச்சு வெச்சு விடணும். மேல நின்னுக்கிட்டு "பயப்படாதடா, குதி"ன்னு வீரம் பேசற அப்பாக்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம் படிச்சவன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டீங்க.

அந்தமான் நிக்கோபார்லயே உசந்தது சாடில் பீக், 732 மீட்டர். வட அந்தமான்ல, டிக்லிபூரைத் தாண்டி காலிப்பூர் கடற்கரை, அதுக்குப் பக்கத்துல லாமியா பே. அங்க வனத்துறைச் சாவடியில பதிவு பண்ணிட்டு நடக்கணும். உச்சிக்குச் சுமார் 8 கிலோமீட்டர். முதல்ல கடலோரம் கல்லும் கூழாங்கல்லுமா போகும், அப்புறம் காட்டுக்குள்ள திரும்பி ஒரேயடியா ஏத்தம். வேரையும் பாறையையும் பிடிச்சு ஏற்ற இடங்கள் உண்டு. ரங்கத்துலேர்ந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற கதையே கிடையாது. முந்தின நாளே போய்த் தங்கிடணும்.

1892ல ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் ஒரு எளிய விதி சொல்லியிருக்கார். சமதளத்துல 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கோ. சாடில் பீக்குக்குப் போட்டுப் பார்ப்போம். 8 கிலோமீட்டருக்கு ஒண்ணரை மணிக்குக் கொஞ்சம் மேல. 732 மீட்டருக்கு ஒண்ணேகால் மணிக்குக் கொஞ்சம் கீழ. மொத்தம் மூணு மணிக்குப் பத்து நிமிஷம் குறைவு. அது வாட்டசாட்டமான ஸ்காட்லாந்துக்காரருக்கு, நல்ல பாதையில. புழுக்கத்துல, வேர் நிறைஞ்ச காட்டுல, குழந்தைங்களோடன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ரெட்டிப்பாக்குவேன். அஞ்சரை மணிக்கு மேல. இறங்க நாலு, நாலரை. சாப்பாடு, தண்ணி, ஒண்ணுக்கு, பட்டாம்பூச்சி எல்லாம் சேர்த்து ஒரு மணி. பதினொண்ணு ஆச்சா? காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் அஞ்சு. ஜனவரிக் கடைசியில இங்க அஸ்தமனம் 5.20. காட்டுக்குள்ள மரங்களுக்கு அடியில அதுக்கு அரை மணி முன்னாடியே பாதை மங்கிடும். வரவும் செலவும் ஈடாப் போச்சு, கையிருப்பு பூஜ்யம். இந்த பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டு வந்து கடன் கேட்டா நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவேன்.

அதனால நான் கணக்கைத் தலைகீழாப் போடறது. உச்சிக்கு எத்தனை மணிக்குப் போவோம்னு கேக்கறதில்லை. மூணரைக்கு எல்லாரும் சாவடியில இருக்கணும், அப்படின்னா எத்தனை மணிக்குத் திரும்பணும்? ஆறுலேர்ந்து மூணரை வரைக்கும் ஒன்பதரை மணி. ஓய்வுக்கு ஒண்ணு போனா எட்டரை. குழந்தைங்களுக்கு ஏற அஞ்சு பங்குன்னா இறங்க நாலு பங்கு வேணும். பிரிச்சா ஏற்றதுக்கு 4.40 கிடைக்குது. அதுல அரை மணி ஓய்வு சேர்த்தா 11.10. நான் ரவுண்டா பதினொண்ணுன்னு வெச்சுக்குவேன். பதினொரு மணிக்கு எங்க நிக்கிறோமோ அதுதான் அன்னிக்கு உச்சி. இதை முந்தின நாள் ராத்திரியே சாப்பாட்டு நேரத்துல குழந்தைங்க காதுபட சொல்லிடணும். காலையில மலைமேல வெச்சுச் சொன்னா அது கட்டளை. ராத்திரியே சொன்னா ஒப்பந்தம்.

போன வருஷம் ஜனவரிக் கடைசியில என் மச்சினன் சிங்கப்பூர்லேர்ந்து குடும்பத்தோட வந்திருந்தான். அவன் பையனுக்குப் பன்னெண்டு, பொண்ணுக்கு ஏழு. எங்க பொண்ணுக்குப் பத்து. ஞாயித்துக்கிழமை தவறாம புக்கிட் தீமா ஏற்றவங்க, அது 163 மீட்டர். அதைக் கிண்டல் பண்ணலை, ஏறாத என்னைவிட ஏற்றவன் மேல்தான். ஆக சாடில் பீக் போயே ஆகணும்னு விமானம் ஏற்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டான். முந்தின ராத்திரி பதினொரு மணி ஒப்பந்தத்தைச் சொன்னேன். "சரி அத்தான், சரி அத்தான்"னு தலையாட்டினான்.

காலையில ஆறு அஞ்சுக்குக் கிளம்பினோம். கடலோரம் நல்லாப் போச்சு. ஏத்தத்துல சின்னவ பாட்டுப் பாடிக்கிட்டே வந்தா. பதினொரு மணிக்கு நாங்க நின்ன இடத்துலேர்ந்து உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம், குழந்தைங்களோடன்னா ஒண்ணரைன்னு கூட வந்த வழிகாட்டி சொன்னார். நான் பையை இறக்கி வெச்சு, "சரி மாப்ளே, சாப்பிட்டுட்டு இறங்கலாம்"னேன்.

"அத்தான், விளையாடாதீங்க. யாருக்கு என்ன ஆச்சு? எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"எல்லாரும் நல்லா இருக்கறப்பதான் திரும்பணும், மாப்ளே."

"இவ்வளவு தூரம் வந்துட்டோமே! இனிமே நான் எப்ப லீவு போட்டு, எப்ப டிக்கெட் எடுத்து... ஒரு மணி நேரம்தானே அத்தான்?"

தங்கமணி என்னைப் பார்க்கறாங்க. அவங்களுக்கு ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் புருஷன். பையன் அப்பா முகத்தைப் பார்க்கறான். நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சேன். வேற என்ன பண்றது? அவன் சாப்பிடலை. இறங்கும்போது பேசலை. ரெண்டு மணி வாக்குல, பாட்டுப் பாடிக்கிட்டு வந்த சின்னவளுக்குக் கால் பின்ன ஆரம்பிச்சுடுச்சு. ஒவ்வொரு கல்லுலயும் உக்காந்து உக்காந்துதான் இறங்கினா. சாவடிக்கு வந்து சேர்ந்தப்ப 3.50. ரங்கத் திரும்பற பஸ்ல அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தான். அக்கா கொடுத்த முறுக்கைக்கூட வாங்கிக்கலை.

போயிருக்கலாம்னு இன்னைக்கும் சொல்றான். போயிருக்கலாம்தான், நான் மறுக்கலை. பத்துல ஏழு தடவை உச்சியில போட்டோ எடுத்துட்டு, கொஞ்சம் இருட்டினாலும் சிரிச்சுக்கிட்டே வந்து சேர்ந்திருப்போம். மீதி மூணு தடவையில என்ன நடக்கும்ங்கறதுதான் கேள்வி. ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, அஞ்சரை மணி இருட்டுல, கடல் ஏறி வர்ற கரையில கல்லு கல்லாத் தாவி வரணும். அங்கேர்ந்து டிக்லிபூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அங்க முடியாததுக்கு ஸ்ரீ விஜய புரம் (நம்ம பழைய போர்ட் பிளேர்தான், 2024ல பேரு மாத்தினாங்க) வரைக்கும் போகணும். 2020ல சென்னைலேர்ந்து கடலடி கேபிள் வந்துச்சு, ரங்கத் வரைக்கும் வந்துச்சு. காட்டுக்குள்ள வரலை. போன் எடுத்துப் பார்த்தா கோடு ஒண்ணும் இருக்காது.

"இவ்வளவு தூரம் வந்துட்டோமே"ங்கற அந்த வார்த்தைதான் எனக்கு எதிரி. செலவழிச்சாச்சு, திரும்பி வராது. விமான டிக்கெட், லீவு, அதிகாலை எழுந்தது எல்லாம் உச்சிக்குப் போனாலும் போச்சு, போகலைன்னாலும் போச்சு. இனிமே வைக்கற அடியைத் தீர்மானிக்க அந்தச் செலவுக்கு உரிமையே கிடையாது. பி.காம்ல இதை ரெண்டு மார்க் கேள்வியாப் படிச்சோம். வங்கியில சேர்ந்த பிறகு இதே சமாச்சாரத்தை வேற உருவத்துல பார்க்கறோம். வராத பழைய கடனைக் காப்பாத்தப் புதுக் கடன் கொடுத்துக்கிட்டே போறது. இவ்வளவு கொடுத்துட்டோமே, இன்னும் கொஞ்சம் கொடுத்தா எழுந்துடுவான்னு கொடுத்துக் கொடுத்து மொத்தமா மூழ்கின கணக்குகள் எந்த வங்கியில இல்லை?

இதுல வெளியூர்ல இருக்கற நம்மளுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. லேக் டிஸ்ட்ரிக்ட்லயே பிறந்து வளர்ந்த குடும்பம் மழை தூறினா, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு வீட்டுக்குப் போயிடும். மலை எங்க ஓடப் போகுது? நமக்கு அடுத்த வாரம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு லீவு, அதுல பாதி ஊருக்கு, மீதியில ஒரு மலை. மச்சினனைப் பார்த்தே மூணு வருஷம் ஆச்சு. மலை ஏற ஆசைப்பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், அக்கா குடும்பத்தோட சேர்ந்து உச்சியில நின்ன ஒரு போட்டோ வேணும்னு அவனுக்கு. அது எனக்குத் தெரியாமலா புளியோதரையைப் பிரிச்சேன்? ஆனா அந்த ஏக்கத்தோட பாரத்தை ஏழு வயசுக் கால்மேல ஏத்தி வைக்கறது நியாயமில்லை.

அதனால என் அபிப்பிராயம், பேர்பெற்ற ஒரு மலையை விட பேரில்லாத பத்துப் பாறை மேல். எங்களுக்கு ரங்கத் பக்கத்துலயே இருக்கு. அம்குஞ்ச் கடற்கரையைத் தாண்டிப் போனா மோரிஸ் டேரா, கடலை ஒட்டி அடுக்கடுக்கா நிக்கிற பாறைகள். ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை வங்கி லீவு. காலையில டீ குடிச்சுட்டுப் போனா பத்து மணிக்கு வீடு. பொண்ணு அங்கதான் முகம் பாறைப் பக்கம் வெச்சு இறங்கக் கத்துக்கிட்டா. பாறை இங்க பெரும்பாலும் படிவுப் பாறை, நம்ம ஊர்க் கருங்கல் மாதிரி கிடையாது, பிடிச்சா உதிர்ற இடங்கள் உண்டு. தட்டிப் பார்க்கற பழக்கம் தானா வந்துடும். பஞ்சவடி அருவிப் பக்கம் போனா வேற பாடம், ஈரப் பாறையும் பாசியும். பாசி மேல எந்த ஷூவும் நிக்காது, ஐயாயிரம் ரூபா ஷூவா இருந்தாலும். ஏறி இறங்கி அலுத்துப் போச்சுன்னா தானி நல்லாவுல அலையாத்திக் காட்டுக்குள்ள மரப்பலகை நடைபாதை இருக்கு, சின்னதுங்களுக்கு அதுவே போதும். தலைநகர்ப் பக்கம் தங்கறவங்களுக்கு மவுண்ட் ஹேரியட் இருக்கு, 2021லேர்ந்து மவுண்ட் மணிப்பூர்னு பேரு. உச்சி வரைக்கும் ரோடு போகுது. மேல வண்டியில போய் இறக்கம் மட்டும் நடக்கலாம். இங்கிலாந்துக்காரங்க ட்ரைஃபானை விட்டுட்டு, 451 மீட்டர் கேட் பெல்ஸ்ல ஆரம்பிங்க. அங்கயும் உச்சிக்குக் கீழ ரெண்டு இடத்துல கை வைக்கணும், பிள்ளைங்களுக்கு அது போதும்.

கடலோரப் பாறைக்குத் தனியா ரெண்டு விஷயம். ஒண்ணு, ஓதம். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் வத்தமும் ரெண்டு மீட்டர் அளவுக்கு வித்தியாசப்படும். போகும்போது நடந்த மணல், வரும்போது இடுப்பளவு தண்ணி. பஞ்சாங்கம் பார்க்கறவங்களுக்கு அரை வேலை முடிஞ்சது. மீதியை அந்தந்தத் துறைமுகத்து ஓத அட்டவணையில பாருங்க, இல்லை மீன்காரர்கிட்ட கேளுங்க. வத்திக்கிட்டு இருக்கறப்ப போய், ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்துடணும். ரெண்டு, முதலை. அந்தமான் உப்புத்தண்ணி முதலை ஓடை கடல்ல சேர்ற இடத்துல வரும். 2010ல ஹேவ்லாக்ல ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்னுருக்கு. ஓடை வாய்ல குழந்தைங்களைக் கால் நனைக்க விடாதீங்க, எச்சரிக்கைப் பலகை இல்லைன்னாலும். புலி, சிறுத்தை பயம் இங்க கிடையாது. பூரான் உண்டு, கல்லைப் புரட்டிப் பார்க்கற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி வைங்க.

காலம் தெரிஞ்சு போறது பத்தியும் சொல்லணும். நம்ம பள்ளிக்கூட லீவு மே மாசம். இங்க மே மூணாவது வாரம் வாக்குல தென்மேற்குப் பருவமழை இறங்கிடும். பாறைக்கு நல்ல காலம் ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான், அப்ப ஸ்கூல்ல பரீட்சை! தமிழ்நாட்டு மலைக்கு அதே பிப்ரவரி, மார்ச் ஆகாத காலம், புல்லெல்லாம் காஞ்சு நிக்கும். 2018 மார்ச் 11ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேத்தக்காரங்க உயிர் போனதை மறக்க முடியுமா? அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேத்தத்துக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 40 பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சுத் திறந்துச்சு. லீவுக்கு ஊருக்குப் போறவங்க பிள்ளைகளை சுலபம்னு போட்டதுல கூட்டிட்டுப் போங்க, அனுமதிச்சீட்டு வாங்கி, வழிகாட்டியோட. சாவடியில பேரு எழுதறதை நம்மாளுங்க நிறைய பேர் வெட்டி வேலைன்னு நினைக்கறாங்க. சாயங்காலம் எத்தனை பேர் திரும்பலைன்னு எண்ணறது அந்த நோட்டைப் பார்த்துதான்.

சிங்கப்பூர்க்காரன் ரெண்டு மாசம் கழிச்சு பேச ஆரம்பிச்சுட்டான், அவங்க அக்கா பிறந்த நாளுக்கு. அடுத்த ஜனவரி மறுபடி வர்றானாம். இந்தத் தடவை காலிப்பூர்ல ரெண்டு ராத்திரி தங்கி, அஞ்சரைக்கே வெளிச்சத்தோட கிளம்பலாமான்னு கேக்கறான். சாவடியில அந்த நேரத்துக்கு விடுவாங்களான்னு விசாரிக்கணும். சின்னவளுக்கு அப்ப எட்டரை வயசு. பதினொரு மணி ஒப்பந்தத்தை மட்டும் இப்பவே வாட்ஸப்ல எழுதி அனுப்பிட்டேன். கட்டை விரல் இன்னும் வரலை :-)

கொசுறு: பையில என்ன வைக்கணும்னு கேட்டவங்களுக்கு. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, புழுக்கத்துல அதுவே பத்தாது. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை. நெத்தியில கட்டற டார்ச் ஆளுக்கு ஒண்ணு, பகல் பயணமா இருந்தாலும். விசில் குழந்தை கழுத்துல. மழைக்காலம்னா அட்டைக்கு மூக்குப்பொடி, காலுறைக்கு வெளியில தடவிக்கலாம். சாதம்னா புளியோதரைதான், தயிர்சாதம் இந்த வெக்கையில பத்து மணிக்கே புளிச்சுடும். பிளாஸ்டிக் பொட்டலத்தைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க.